1 முதல் 12 வரை எல்லோருக்கும் ஒரே அறை: பள்ளி நூலகத்தை எங்கிருந்து தொடங்குவது? (பழைய வண்ணாரப்பேட்டை)

வண்ணை டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஓர் அரசு உதவி பெறும் பள்ளியின் நூலகப் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. தனி நூலகர் பணியிடம் கிடையாது. தமிழ் வகுப்புகளோடு இதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மொத்தம் 620 பிள்ளைகள்.

இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். தரைத்தளத்தில் 20க்கு 20 அடி அறை, முன்னால் 6 அடி அகல வராந்தா. வடக்கிலும் கிழக்கிலும் ஜன்னல். இரண்டு ட்யூப் லைட், இரண்டு ஃபேன். ஆறு ஸ்டீல் பீரோ, ஆறும் பூட்டியே இருக்கின்றன. உள்ளே சுமார் 1,400 புத்தகம். பாதிக்கு மேல் யார் யாரோ கொடுத்த பழைய கைடும் பாடத்திட்டம் மாறிப்போன பாடநூலும்தான். படப் புத்தகம் 150 தேறினால் அதிகம். நீள மேஜை இரண்டு, பெரியவர்கள் உயரத்துக்கு பெஞ்ச் நான்கு. பெருமழை பெய்தால் அறைக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் வந்து போகும். பழைய மாணவர்கள் சேர்ந்து 45,000 ரூபாய் தருகிறார்கள்.

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் ஒரே அறை எப்படிச் சரிப்படும்? 40 நிமிட பீரியடில் 45 பேருக்குப் புத்தகம் எழுதிக் கொடுக்கவே நேரம் போதாது. ஒன்பது, பத்து வகுப்புப் பிள்ளைகள் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. சுவரில் கார்ட்டூன் படம் வரையலாம் என்று ஒரு பெயிண்டர் 18,000 கேட்கிறார். கொடுக்கலாமா?

---

பெரம்பூர் நூலகர்:

டீச்சர், பெயிண்டரை அனுப்பிவிடுங்கள். கார்ட்டூன் வரைந்த அறைக்குள் எட்டாம் வகுப்புப் பையன் வர மாட்டான். “பாப்பா ரூம்” என்று பெயர் வைத்துவிடுவான். வெளிர் நிறத்தில் ஒரு கோட்டிங் போதும். அறைக்கு நிறம் கொடுக்க வேண்டியவை புத்தக அட்டைகள்தான். பிரவுன் ஷீட் போட்டு வைத்திருந்தால் இன்றே பிரித்துவிடுங்கள். பாதுகாப்பு வேண்டுமென்றால் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறை போடலாம்.

அடுத்தது பூட்டு. பொறுப்பில் இருப்பவர்கள் பீரோவைப் பூட்டுவது கஞ்சத்தனத்தால் இல்லை, ஆடிட் பயத்தால். தொலைந்த புத்தகத்தைச் சம்பளத்தில் பிடித்துவிடுவார்களோ என்ற பயம். மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-இல் விதி 215-ஐப் பாருங்கள். வாசிக்கவும் வீட்டுக்கும் எடுக்கப்படும் 1,000 புத்தகத்துக்கு ஆண்டுக்கு 5 தொலைவது நியாயமான இழப்பு என்று அது ஒப்புக்கொள்கிறது. கவனக்குறைவோ நேர்மைக்கேடோ காரணமாக இருக்கக் கூடாது. 1,000 ரூபாய்க்கு மேல் விலையுள்ள புத்தகமும் அரிய புத்தகமும் தொலைந்தால் மட்டும் கட்டாயம் விசாரிக்க வேண்டும். இந்த விதி உங்கள் பள்ளியை நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனால் நிர்வாகக் குழுவிடம் காட்டி, இதே போன்ற ஒரு தீர்மானத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளலாம். ஆண்டுக்கு 6,000 முறை புத்தகம் கைமாறினால் 30 புத்தகம் போகலாம் என்று தாளில் இருந்தால் சாவியை மேஜை டிராயரில் போட்டுவிட மனம் வரும். தீர்மானம் கைக்கு வராமல் கதவைத் திறக்காதீர்கள். முதல் புத்தகம் தொலைந்த அன்றே மறுபடி பூட்டு ஏறிவிடும்.

ஒரு காலத்தில் புத்தகத்தைச் சங்கிலி போட்டு அலமாரியோடு கட்டி வைத்திருந்தார்கள். “புத்தகங்கள் பயன்பாட்டுக்கே” என்று எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் முதல் விதியாக எழுதியபோது அந்தச் சங்கிலியைத்தான் எடுத்துக்காட்டினார். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக வந்தவர் அவர். நம் ஊர்ச் சங்கிலிக்கு பீரோ என்று பெயர்.

மூன்றாவது வேலை கழிப்பது. 1,400-ஐ 700 ஆக்கினால் அறை இரண்டு மடங்கு பெரிதாகும், வாசிப்பும் கூடும். குப்பைக்குள் நல்லது தெரியாது. மூன்று குவியல் போடுங்கள். பாடத்திட்டம் மாறிய கைடு, பக்கம் உதிர்ந்தது, பூஞ்சை பிடித்தது எல்லாம் ஒரு குவியல். நன்றாக இருந்தும் பிள்ளைகளுக்குப் பயன்படாதவை இன்னொன்று. அவை ஆசிரியர் அறைக்கோ பக்கத்துக் கிளை நூலகத்துக்கோ போகட்டும். மீதி உங்களுக்கு. பள்ளியின் பழைய ஆண்டு மலர்கள் எந்த நிலையில் இருந்தாலும் கழிக்காதீர்கள், வேறு எங்கும் கிடைக்காது. அக்சஷன் ரெஜிஸ்டரில், அதாவது வந்த புத்தகத்துக்கெல்லாம் எண் போட்டுப் பதியும் பேரேட்டில், எண் ஏறிய புத்தகத்தைக் கிலோவுக்குப் போட்டுவிட்டால் பின்னால் சிக்கல் வரும். எண், தலைப்பு, காரணம் என்று பட்டியல் எழுதி, எச்.எம். (தலைமையாசிரியர்) உட்பட மூன்று பேர் கையெழுத்திட்டு, ரெஜிஸ்டரில் அந்த வரியில் சிவப்பு மையால் “நீக்கம்” என்று தேதியோடு குறித்த பிறகுதான் பழைய பேப்பர் கடை.

இனி 40 நிமிடக் கணக்கு. நீங்களே பெயர், எண், தேதி எழுதினால் ஒரு பிள்ளைக்கு 30 விநாடி. 45 பேருக்கு 22 நிமிடத்துக்கு மேல், அதாவது பாதி பீரியட். அதற்குப் பழைய அட்டை முறையே போதும். 7க்கு 14 செ.மீ. அட்டை, ஒரு ஏ4 கெட்டித் தாளில் ஆறு வரும். 700 புத்தகத்துக்கு 117 தாள். புத்தகத்தின் கடைசி அட்டை உள்பக்கம் ஒரு காகிதப் பை ஒட்டி, அதில் தலைப்பும் எண்ணும் எழுதிய அட்டையைச் செருகி வையுங்கள். எடுக்கும் பிள்ளை அட்டையை உருவி, தன் பெயரையும் தேதியையும் எழுதி, தன் வகுப்புப் பெட்டியில் போட்டுவிட்டுப் போக வேண்டும். திருப்பும்போது அட்டையைத் தேடி எடுத்துப் பையில் செருகிப் பெயரை அடிக்க வேண்டும். மூன்றாம் வகுப்புக்கு மேல் யாரும் செய்வார்கள். 1, 2 வகுப்புகளுக்கு ஏழாம் வகுப்பிலிருந்து இரண்டு பேரை உட்கார வையுங்கள். பெட்டிக்குள் அட்டைகளைப் புத்தக எண் வரிசையில் அடுக்காமல் போட்டால் இந்த முறை ஒரே வாரத்தில் கவிழும். தினமும் மாலை ஐந்து நிமிடம் அதற்கென்று ஒதுக்குங்கள்.

பெரிய நூலகங்களில் பொருள்வாரியாகப் பிரிக்கப் போடும் தசமப் பகுப்பு எண்ணெல்லாம் 700 புத்தகத்துக்கு வேண்டாம். தமிழ் இலக்கியம் முழுக்க 894.811-இல் ஒரே குவியலாகப் போய் நிற்கும், பிள்ளைக்கு அதனால் ஒன்றும் ஆகாது. கதை, விலங்கு, அறிவியல், விளையாட்டு, நம்ம ஊர், சிரிப்பு, பரீட்சை என்று அவர்கள் கேட்கிற சொல்லையே அலமாரியில் எழுதுங்கள்.

---

கொருக்குப்பேட்டை தச்சன்:

டீச்சர், பீரோவை வித்துடாதீங்க. பழசுல இருக்கற தகடு இப்போ வர்றதுல இல்ல. கதவை மட்டும் கழட்டுங்க. ஆனா கதவைக் கழட்டுனா பாடி லேசா ஆட ஆரம்பிக்கும். அதனால மேல ரெண்டு மூலையிலயும் எல்-கிளாம்ப் போட்டு சுவத்துல ஆங்கர் போல்ட் அடிச்சே ஆகணும். ஒரு குட்டிப் பையன் கீழ்த் தட்டுல கால வெச்சு ஏறுனான்னா அப்படியே முன்னாடி சாயும். இத மட்டும் நாளைக்குன்னு தள்ளாதீங்க.

அடுத்தது ஆழம். பீரோ ஆழம் 19 இஞ்சு, புத்தகத்துக்கு வேண்டியது 10 இஞ்சு. ரெண்டு வரிசையா அடுக்குவீங்க, பின் வரிசை செத்துப் போச்சுன்னு அர்த்தம். தட்டோட பின் பாதியில 5 இஞ்சு உயரத்துக்கு ஒரு பலகை மேடை வைங்க. பின்னாடி இருக்கற புத்தகம் முன்னாடி வரிசைக்கு மேல தலை காட்டும். கண்ணுக்கு நேரா இருக்கற ரெண்டு தட்டுக்குச் செஞ்சா போதும். மேல் தட்டு ரெண்டும் டீச்சருங்களுக்கு. பிள்ளைங்க கைக்கு எட்டற உயரம்னு ஒரு கணக்கு இருக்கு. 1, 2 வகுப்புக்கு 95 செ.மீ.க்கு மேல எதுவும் வைக்காதீங்க. 3-லருந்து 5 வரைக்கும் 120. 6-லருந்து 8 வரைக்கும் 150. அதுக்கு மேல பெரிய பசங்களுக்கு.

சின்னப் பிள்ளைங்க புத்தகம் 24 பக்கம், நடுவுல ரெண்டு பின்னு. அதுக்கு முதுகே கிடையாது. பீரோவுல நிறுத்தி வெச்சா தலைப்பு எங்க தெரியும்? தள்ளித் தள்ளிப் பாக்கற தொட்டிதான் வேணும், பழைய கேசட் கடையில இருந்துச்சே அந்த மாதிரி. அளவு சொல்றேன், எழுதிக்கங்க. 12 மி.மீ. பிளை, 8க்கு 4 அடி ஷீட் ஒண்ணு. அடிப்பலகை 90க்கு 30 செ.மீ. மூணு, நீளப் பக்கம் 90க்கு 15 ஆறு, முனைக்கும் நடுத் தடுப்புக்கும் 30க்கு 15 பன்னெண்டு. இதுல மூணு தொட்டி வரும், ஒவ்வொண்ணுலயும் மூணு அறை. ஒரு அறைக்கு 25 புத்தகம்னா மொத்தம் 225. இன்னும் நிறைய கொள்ளும், ஆனா கொள்ள விடாதீங்க. இறுக்கி வெச்சா தள்ள முடியாது, இழுப்பாங்க, அட்டை கிழியும். நீங்க “பிள்ளைங்க கிழிக்கறாங்க”ன்னு சொல்வீங்க. ஷீட்டுல கடைசியா 15 செ.மீ. பட்டை ஒண்ணு எட்டடி நீளத்துக்கு மிச்சமாகும். அத வீணாக்காதீங்க, சுவத்துல புத்தகத்த முகம் தெரிய நிறுத்தற தட்டுக்கு ஆகும். முன்னால ரெண்டு இஞ்சு சட்டம் அடிச்சா புத்தகம் நழுவாது.

தொட்டியோட மேல் விளிம்பு தரையிலருந்து 60 செ.மீ. இருக்கணும், மூணாவது தாண்டுனவங்களுக்கு 75. மூலையெல்லாம் உருட்டி, மணல் தாள் போட்டு, வார்னிஷ் ரெண்டு கை. மைக்கா ஒட்டுனா ஓரம் பேந்து கையைக் கிழிக்கும்.

பெஞ்ச் நாலுல ரெண்ட காலறுத்து 30 செ.மீ. ஆக்குங்க. மத்த ரெண்டு 44, 45-லயே இருக்கட்டும். நாலையும் அறுத்துட்டு பெரிய பசங்க முட்டி காதுல இடிக்க உக்காந்திருக்கற எடமும் இருக்கு, அந்த வேலை வேண்டாம். புதுசா ஷெல்ஃப் அடிச்சா 18 மி.மீ. பிளை, தாங்கி இல்லாம 90 செ.மீ.க்கு மேல நீட்டாதீங்க. 120 நீட்டுனா ஒரு வருஷத்துல தொட்டில் மாதிரி தொங்கும்.

சக்கர நாற்காலிப் பிள்ளை ஒருத்தர் இருந்தாலும் இல்லன்னாலும் வழி 90 செ.மீ.க்குக் குறையக் கூடாது. திரும்பறதுக்கு ஒரு எடத்துல 150க்கு 150 காலியா விடுங்க. வாசல் படிக்கு மரப் பலகை சரிவு வேண்டாம், மழையில வழுக்கும். சிமெண்ட்டுல போடுங்க, ஒரு இஞ்சு ஏற 12 இஞ்சு நீளம்.

---

வண்ணை டீச்சர்:

அண்ணே, அளவோடு சொன்னதற்கு ரொம்ப நன்றி. ஷீட் கணக்கை அப்படியே எழுதி வைத்துக்கொண்டேன். நூலகர் சார், தீர்மானத்துக்கு எச்.எம்.மிடம் இன்றே பேசுகிறேன்.

இன்னொன்று கேட்க வேண்டும். தொட்டிகளில் நிறப் பட்டை ஒட்டி, பச்சை முதல் நிலை, மஞ்சள் இரண்டாம் நிலை என்று பிரித்து வைக்கலாமா? எட்டாவதிலும் ஒன்பதாவதிலும் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் சுலபமாக இருக்குமே.

---

வியாசர்பாடி வாசிப்பு:

நிறப் பட்டை ஒட்டுங்கள், ஆனால் தொட்டியில் இல்லை, புத்தக அட்டையின் உள்பக்கம். வெளியே ஒட்டினால் ஒன்பதாம் வகுப்புப் பையன் பச்சைப் புத்தகத்தைக் கையால் தொட மாட்டான், கூட இருப்பவன் பார்ப்பான். உங்கள் பள்ளியில் பெரிய பிள்ளைகள் வராததற்கு நேரமின்மை பாதிக் காரணம், இந்தக் கூச்சம் மீதி.

தமிழ்நாடு அரசின் வாசிப்பு இயக்கப் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படியாகப் பிரித்தார்கள். பெயரில் “முதல் நிலை” என்ற வாடை இல்லை, அது நல்ல யோசனை. பள்ளிக்குள் அதை வகுப்போடு முடிச்சுப் போடாதீர்கள். “ஐந்தாவதுக்கு இந்தத் தொட்டி” என்று எழுதினால் அந்தத் தொட்டியை ஆறாவது பிள்ளை தாண்டிப் போய்விடும்.

மெதுவாகப் படிக்கும் பெரிய பிள்ளைக்கு ஒல்லியாக, பெரிய எழுத்தில், ஆனால் குழந்தைத்தனம் இல்லாத புத்தகம் வேண்டும். இதுதான் சந்தையில் குறைவு. புகைப்படம் நிறைந்த விளையாட்டு, வாகனம், கடல், விண்வெளிப் புத்தகங்கள், படக்கதைகள், விடுகதை, அரைப்பக்கத் துணுக்கு என்று ஒரு 60 தேடிச் சேருங்கள். அதற்கு மேல் நீங்களே ஒரு “நம்ம ஏரியா” ஃபைல் செய்யலாம். ஏ4 பிளாஸ்டிக் ஃபைலில் ஒரு பக்கம் படம், ஒரு பக்கம் 18 பாயின்ட் எழுத்தில் எட்டு வரி. 1856-இல் திறந்த ராயபுரம் ரயில் நிலையம், பெரம்பூர் மில் தொழிலாளர்களை வைத்து 1918-இல் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கம், எண்ணூர்க் கழிமுகம், காசிமேட்டு மீன் ஏலம் என்று எழுத நிறைய இருக்கிறது. 2024 கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா வடசென்னைப் பெண். அந்தப் பக்கம் ஒரு மாதத்தில் அழுக்கேறிக் கசங்கும், இன்னொரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் எழுதிய புத்தகத்துக்கும் ஒரு தொட்டி ஒதுக்குங்கள். ஒரு ஏ4 தாளில் எட்டுப் பக்கப் புத்தகம் வரும். தாளை நீளவாட்டில் ஒரு மடிப்பு மடித்துப் பிரியுங்கள். அகலவாட்டில் இரண்டு முறை மடித்துப் பிரித்தால் எட்டுக் கட்டம் தெரியும். இப்போது அகலவாட்டில் பாதியாக மடித்து, மடிந்த பக்கத்திலிருந்து நடுக்கோட்டில் ஒரு கட்டம் மட்டும் வெட்டுங்கள். விரித்து நீளவாட்டில் மடித்து, இரு முனையையும் உள்ளே தள்ளினால் வெட்டிய இடம் திறந்து புத்தகமாகிவிடும். பசை, பின் எதுவும் வேண்டாம். கட்டம் தாண்டி வெட்டினால் இரண்டு துண்டாகும், முதல் முறை பாதிப் பேர் அப்படித்தான் வெட்டுவார்கள், அதனால் கூடுதல் தாள் வையுங்கள். வஞ்சிரம், சங்கரா, கானாங்கத்தை, நெத்திலி என்று பக்கத்துக்கு ஒரு மீன் வரைந்தால் ஒரு புத்தகம். தாத்தாவிடம் கேட்டு வலைக்கு என்னென்ன பெயர் என்று எழுதினால் இன்னொன்று.

40 நிமிடத்தை இப்படிப் பிரிக்கலாம். வந்து திருப்பிக் கொடுக்க 5, நீங்கள் சத்தமாக வாசிக்க 12, அவர்களாகப் படிக்க 15, எடுத்துக்கொண்டு போக 8. சத்தமாக வாசிப்பதை ஐந்தாவதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஒன்பதாவதுக்கும் வாசியுங்கள். ஒரு கதையின் முதல் நான்கு பக்கத்தை வாசித்து, சரியாகச் சிக்கல் வரும் இடத்தில் மூடிவையுங்கள். அந்தப் புத்தகத்துக்கு அன்றே ஐந்து பேர் கேட்பார்கள், அதனால் அதில் மட்டும் இரண்டு மூன்று பிரதி வாங்குங்கள். வாசித்த பிறகு “நீதி என்ன” என்று கேட்டுவிட்டால் அடுத்த வாரம் பாதிப் பேர் பின் பெஞ்சுக்குப் போய்விடுவார்கள்.

சின்னவர்களையும் பெரியவர்களையும் ஒரே அறையில் சேர்ப்பதற்கு ஒன்பதாவது-இரண்டாவது ஜோடி வாசிப்பு நல்லது. வாரம் ஒருநாள் 20 நிமிடம். தடுமாறும் பெரிய பிள்ளைக்கு இது கௌரவமான மறைப்பு. “தம்பிக்குப் படிச்சுக் காட்டணும்” என்று முந்தின நாளே படப் புத்தகத்தை எடுத்து மூன்று முறை படித்துப் பார்ப்பான். அவனுக்கு வேண்டியதும் அந்த மூன்று முறைதான். ஜோடியை நீங்களே போடுங்கள், அவர்களாகப் போட்டால் நன்றாகப் படிப்பவர்களுக்கே ஆள் கிடைக்கும்.

மொழி விஷயம் ஒன்று. நம் பக்கத்தில் வீட்டில் தெலுங்கு, உருது, இந்தி பேசும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருப்பார்கள். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் கதைகளைப் பல மொழியில் இலவசமாக இறக்கி அச்சடிக்கலாம், உரிமம் அதற்கு இடம் தருகிறது. ஒரே கதையைத் தமிழிலும் வீட்டு மொழியிலும் அச்சடித்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். தூளிகா பதிப்பகத்தின் இருமொழிப் புத்தகங்களையும் ஜனவரியில் புத்தகக் காட்சிக்குப் போகும்போது புரட்டிப் பாருங்கள். அங்கே 10 சதவீதத் தள்ளுபடி உண்டு. பணத்தை மொத்தமாக ஒரே நாளில் செலவழிக்காதீர்கள். பாதியை வைத்திருந்து, ஆறு மாதம் எந்தத் தொட்டி காலியாகிறது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். சிறுவர் அறிவியல் இதழான துளிர் சந்தாவை மட்டும் உடனே கட்டிவிடலாம். அரசு கொடுக்கும் சிறார் இதழ்களான ஊஞ்சலும் தேன்சிட்டும் உங்களுக்கு வந்தால் கட்டுப் பிரிக்காமல் ஆபீஸில் கிடக்க விடாதீர்கள்.

---

திருவொற்றியூர் உப்புக்காற்று:

எல்லோரும் மரமும் வாசிப்பும் பேசிவிட்டீர்கள். தண்ணீரைப் பற்றி நான் சொல்கிறேன், அது கேட்காமல் வரும்.

டீச்சர், உங்கள் ஜன்னல் வடக்கிலும் கிழக்கிலும். அக்டோபரில் தொடங்கும் மழை அந்தத் திசையிலிருந்துதான் சாரலடிக்கும். வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று அந்தச் சுவரை ஒட்டிப் புத்தகம் வைத்தால் ஒரு இரவில் போய்விடும். அங்கே உயரமான பெஞ்சும் மேஜையும் போடுங்கள், பரீட்சைக்குப் படிக்கும் பதினொன்று, பன்னிரண்டு பிள்ளைகள் உட்காரட்டும். புத்தகம் முழுக்கத் தெற்கு, மேற்குச் சுவர்ப் பக்கம். சின்னவர்கள் இடம் வாசலிலிருந்து தள்ளி உள்மூலையில் இருந்தால் பெரியவர்கள் மிதித்துக்கொண்டு போக மாட்டார்கள்.

கணுக்கால் தண்ணீர் வரும் அறையில் கடைசித் தட்டு தரையிலிருந்து 30 செ.மீ. மேலே இருக்க வேண்டும். பீரோவை 8 இஞ்சு சிமெண்ட் பிளாக் மேல் ஏற்றுங்கள். அதற்குப் பிறகும் கீழ்த் தட்டில் புத்தகம் வேண்டாம், சார்ட், விளையாட்டு அட்டை, பஸில் டப்பா வைக்கலாம். பிளாக் மேல் ஏற்றிய பீரோ இன்னும் எளிதாகச் சாயும், தச்சர் அண்ணன் சொன்ன கிளாம்ப் அப்போது கட்டாயம். ஆனால் அண்ணே, சுவரோடு ஒட்டி முடுக்கச் சொல்லாதீர்கள். நம் பக்கத்துச் சுவர் உப்புப் பூத்து ஈரம் கக்கும். பின்னால் இரண்டு இஞ்சாவது காற்றுப் போக வேண்டும். இல்லையென்றால் கடல் காற்றில் பீரோ முதுகு துருப்பிடித்து உதிரும், உள்ளே பூஞ்சை வரும்.

பூஞ்சைக்கு மருந்து காற்றுதான். தட்டில் பத்தில் ஒரு பங்கு காலியாக விடுங்கள். விடுமுறை நாட்களில் அறையை இறுக்கி மூடிவிட்டுப் போவதுதான் பெரிய தப்பு. வாரம் ஒருநாள் யாராவது திறந்து இரண்டு மணி நேரம் ஃபேன் போட வேண்டும். அந்துருண்டை வேண்டவே வேண்டாம். நாப்தலீன் ஆவி சில பிள்ளைகளுக்கு ரத்தச் சிவப்பணுக்களையே சிதைக்கும், மிட்டாய் என்று வாயில் போடுகிற வயதுப் பிள்ளைகளும் வருகிறார்கள். ராமபாணப் பூச்சி விழுந்த புத்தகத்தை பிளாஸ்டிக் பையில் காற்றில்லாமல் கட்டி, மைனஸ் 18 காட்டும் டீப் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்தால் பூச்சியும் முட்டையும் சாகும். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்கக் கூடாது, ஒரு நாள் அப்படியே விடுங்கள், இல்லையென்றால் வியர்த்து நனையும். காசிமேட்டு ஐஸ் பெட்டி இதற்கு ஆகாது, அது பூஜ்யத்துக்குக் கீழே போகாது.

கிழிந்ததற்கு செல்லோ டேப் ஒட்டாதீர்கள். இந்த வெக்கையில் ஒரே வருடத்தில் பசை உருகி மஞ்சளாகி, பக்கத்துப் பக்கத்தையும் பிடித்துக்கொள்ளும். மெல்லிய தாள் கீற்றை ஃபெவிகாலில் கொஞ்சம் தண்ணீர் கலந்து ஒட்டி, இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் தாள் வைத்து, மேலே கனமான புத்தகம் ஏற்றுங்கள். முதுகுக்கு பைண்டிங் துணி. மைதாப் பசை பூச்சிக்கு விருந்து. மயில்துத்தம் கலந்தால் பூச்சி வராது, ஆனால் அது விஷம், விரலை நக்கிப் பக்கம் திருப்பும் பிள்ளைகள் கையில் அந்தப் புத்தகத்தைக் கொடுக்க முடியாது.

நனைந்த புத்தகத்தில் சாதாத் தாள் என்றால் இரண்டு நாள் அவகாசம் உண்டு. இடையிடையே நியூஸ் பேப்பர் வைத்து, ஃபேன் காற்றில் நிறுத்தி உலர்த்தலாம், வெயிலில் போட்டால் வளைந்துவிடும். படப் புத்தகத்தின் வழவழப்பான தாளுக்கு அவ்வளவு நேரம் கிடையாது. ஈரம் காயும்போதே பக்கங்கள் ஒட்டிக் கல்லாகிவிடும். அதனால் மழை எச்சரிக்கை வந்த மாலை முதலில் தூக்க வேண்டியவை படப் புத்தகத் தொட்டிகள். ஒரு தொட்டியை இரண்டு பேர் தூக்கும்படி பக்கத்துக்கு ஒரு கைப்பிடி வைக்கச் சொல்லுங்கள்.

தரையில் உட்கார ரப்பர் ஃபோம் விரிப்பு வாங்கிவிடாதீர்கள். அடியில் ஈரம் தங்கி ஒரே மழையில் நாறும். கோரைப்பாயும் பூஞ்சை பிடிக்கும். ஜமக்காளம் இரண்டு போதும், துவைத்துக் காய வைக்கலாம். அதன் மேல் ஷூவோடு வரக் கூடாது என்று சட்டம் போட்டால் 45 பேர் லேஸ் கட்டவும் அவிழ்க்கவும் பத்து நிமிடம் போகும். 1 முதல் 3 வரை மட்டும் கழற்றட்டும், மற்றவர்கள் பெஞ்சில்.

விளக்கு: 20 வாட் எல்.இ.டி. ட்யூப் ஒன்று சுமார் 2,000 லூமன் தரும். இரண்டு ட்யூபில் அந்த அறையின் உள்மூலை இருட்டுதான். ஆறு போடுங்கள். நான்கு ட்யூப் அறைக்குப் பொதுவாக, மற்ற இரண்டும் புத்தகம் இருக்கும் சுவருக்கு முன்னால் மூன்றடி தள்ளி, சுவருக்கு இணையாக. எல்லாவற்றையும் அறையின் நடு உச்சியிலேயே போட்டால் பார்ப்பவரின் நிழலே புத்தக முதுகில் விழும்.

---

கொருக்குப்பேட்டை தச்சன்:

உப்புக்காத்து சார் சொல்றது கரெக்ட். சுவத்துக்கும் பீரோவுக்கும் நடுவுல ரெண்டு இஞ்சு தேக்குக் கட்டை வெச்சு, அது வழியா 5 இஞ்சு ஆங்கர் போல்ட் போகட்டும். பூச்சு மட்டும் பிடிச்சிருந்தா கையோட வந்துடும், செங்கல்லுல ரெண்டு இஞ்சு இறங்கணும். உப்புப் பூத்த கீழ்ச் சுவத்துல அடிக்காதீங்க, பீரோ தலை மட்டத்துல சுவர் காஞ்சிதான் இருக்கும். கைப்பிடிய 15 செ.மீ. முனைப் பலகையிலயே துளையா வெட்டிடலாம், மேல் விளிம்புலருந்து 3 செ.மீ. விட்டு, 10க்கு 3. இரும்புக் கைப்பிடி வேணாம், துருப்பிடிக்கும்.

---

வண்ணை டீச்சர்:

எச்.எம். ஒப்புக்கொண்டார், வியாழக்கிழமைக் கூட்டத்தில் தீர்மானம் வருகிறது. அண்ணே, கதவைக் கழற்றும்போது கீல் துருப்பிடித்து இறுகி இருந்தால் என்ன செய்வது?

---

கொருக்குப்பேட்டை தச்சன்:

மொத நாள் ராத்திரியே கீலுக்கு மண்ணெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ விட்டு ஊற வைங்க. காலையில ஆணிய கீழருந்து மேல தட்டுங்க. கதவ ஒருத்தர் தாங்கிப் பிடிக்கணும், 15 கிலோ இருக்கும், கால் மேல விழுந்துடும். கழட்டுன கதவப் போட்டுடாதீங்க. உள்பக்கத்துல காந்தம் ஒட்டும், பெயிண்ட் அடிச்சு வராந்தா சுவத்துல மாட்டுனா நோட்டீஸ் போர்டு ஆச்சு.